காட்டுக்கனிகளில் பழ ஈ: கூட்டேரிப்பட்டுச் சமவெளியில் நிழலும் ஈரமும்

மாந்தோப்பில் பழ ஈ பெருகினால், வேலிக்கு வெளியே நிற்கும் நாவலையும் இலந்தையையும் குற்றஞ்சொல்வது எளிது. காட்டு மரங்களே ஈக்களை வளர்த்துத் தோப்புக்கு அனுப்புகின்றன என்ற அந்த வாதத்தை இக்கட்டுரை ஏற்கவில்லை. ஒரு காட்டுக்கனியில் எத்தனை புழு தேறும் என்பது மரத்தின் இனத்தை மட்டும் பொறுத்ததன்று. அது நிற்கும் இடத்தின் வெப்பம், நிழல், மண்ணின் ஈரம் ஆகியவற்றையும் பொறுத்தது.

நம் மாம்பழ ஈயான பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் ஆசியாவுக்கு உரியது. 2003இல் கென்யாவில் தென்பட்டபோது அதைப் புதிய இனமாகக் கருதினர். 2005இல் ‘இன்வாடென்ஸ்’ என்று பெயரும் சூட்டினர். இரண்டும் ஒன்றே என்பது 2015இல்தான் உறுதியானது. அதற்குள் சகாராவுக்குத் தெற்கே பல நாடுகளுக்கு அது பரவி, மருலா போன்ற அந்நாட்டுக் காட்டுக்கனிகளிலும் முட்டையிட்டுவிட்டது. கென்யாவில் மாம்பழங்களைச் சேகரித்து ஈ வளர்த்துப் பார்த்தவர்கள் கண்டது இது: நிலத்தின் உயரம் கூடக்கூட, ஒரு கிலோ பழத்திலிருந்து வெளிவரும் ஈக்கள் குறைந்தன. பழம் ஒன்றே, மாறியது அது விளைந்த சூழல்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மயிலம் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டில் அப்படி ஏறிப்பார்க்க மலைச்சரிவு இல்லை. சமவெளியில் உயரத்தின் இடத்தை ஈரம் பிடித்துக்கொள்கிறது. முற்றிய புழு பழத்தைவிட்டு இறங்கி, மேல்மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. கத்திரி வெயிலில் காய்ந்து இறுகிய பொட்டலில் அதற்குப் பிழைப்பில்லை. வடகிழக்குப் பருவமழையில் நீர் கட்டி நிற்கும் தாழ்நிலத்திலும் இல்லை. இடைப்பட்ட ஈரமும் பகல் வெயிலுக்கு ஒதுங்க நிழலும் உள்ள இடங்களே அதற்கு வாய்ப்பு: ஏரிக்கரை, கிணற்றடி, கோயில் தோப்பு. பாசனம் பாயும் மாந்தோப்பும் இந்த வரிசையில் சேரும் என்பதைக் காட்டு மரங்களைப் பழிப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே சாலையோரப் பொட்டலில் நிற்கும் நாவலையும் ஏரிக்கரை நாவலையும் ஒரே ‘புகலிடத் தாவரம்’ என்று பட்டியலிடுவது பிழை. ஆனி, ஆடியில் பழுக்கும் நாவல், மாம்பழம் ஓய்ந்த பின் ஈக்குப் பாலமாகலாம் என்பதை மறுக்கவில்லை. அந்தப் பாலம் எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் இல்லை என்பதே என் வாதம்.

புழு கண்ட கனியெல்லாம் மாம்பழ ஈக்கு இடம் கொடுத்ததாகவும் கொள்ள முடியாது. இலந்தையில் பெரும்பாலும் இருப்பது கார்போமையா வெசுவியானா. இலந்தை இனத்தைத் தாண்டி அது மாமரத்துக்கு வராது. வேலியில் படரும் கோவையைத் துளைப்பது பூசணி, பாகல் வகைகளுக்கு உரிய வேறோர் ஈ. இனம் பிரித்தறியாமல் வெட்டப்படும் இலந்தையால் மாந்தோப்புக்கு ஒரு பயனும் இல்லை.

இத்தகைய தவறுகளுக்குப் பொறியும் ஒரு காரணம். பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹௌலட், சிட்ரொனெல்லா எண்ணெய்க்குப் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912இல் பதிவு செய்தார். அந்த எண்ணெயில் உள்ள மெத்தில் யூஜினாலின் ஈர்ப்பை 1915இல் அடையாளம் காட்டினார். இன்றைய பொறிகளுக்கு அதுவே அடிப்படை. ஆனால் அவற்றில் விழுபவை ஆண் ஈக்கள், தொலைவிலிருந்தும் வருபவை. கோயில் தோப்பில் கட்டிய பொறி நிறைந்தால், அவை அங்கேதான் பிறந்தன என்று ஆகாது. உதிர்ந்த கனிகளை இடவாரியாகப் பொறுக்கி, எடை போட்டு, மணலில் வைத்து, கிலோவுக்கு எத்தனை ஈ, எந்த இனம் என்று எண்ணுவதே சான்று. அதே நாளில் மரத்தடி மண்ணின் ஈரத்தையும் அளக்க வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் மரத்தை வெட்டச் சொல்லும் பரிந்துரைக்கு இதைவிடக் குறைந்த சான்று போதாது.

அந்த மணலிலிருந்து ஈ மட்டும் வெளிவருவதில்லை, அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் வரும். அவற்றுள் ஒன்றான ஃபோபியஸ் அரிசானஸ், ஈயின் முட்டையிலேயே தன் முட்டையை இட்டுவிடும்; 1940களின் இறுதியில் ஹவாயில் இக்குளவி நிலைபெற்ற பின் அங்கே மாம்பழ ஈயின் கொட்டம் அடங்கியது. புழுவைத் தேடித் துளைக்கும் குளவிகளுக்கோ சதைப்பற்று மிகுந்த மாம்பழத்தைவிடச் சிறு காட்டுக்கனியே எட்டும் ஆழம். ஏரிக்கரை நாவலை வெட்டுவதா என்று முடிவெடுப்பவர், அதிலிருந்து வரும் ஈக்களோடு குளவிகளையும் சேர்த்தே எண்ணியாக வேண்டும்.