அசெம்பிள்ட் கணினியின் தொடர் முடக்கம்

ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் என்று பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிய மேசைக் கணினி, வேலையின் நடுவே திரும்பத் திரும்ப நின்றுபோவது தொடர் முடக்கம் எனப்படும். சில கணினிகளில் திரை உறைந்து, மவுஸ்கூட நகராமல் ‘ஹேங்’ ஆகும். சிலவற்றில் பிழைக்குறியீட்டுடன் நீலத்திரை வரும். இன்னும் சில, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பொட்டென்று அணையும் அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகும். இவற்றில் எது நடக்கிறது என்பதே பழுதறிதலின் முதல் தடயம்.

பிராண்டட் கணினியில் பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது விற்கும் நிறுவனத்தின் வேலை. அசெம்பிள்ட் கணினியில் அது பூட்டியவரின் பொறுப்பு. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய ஐந்து பாகங்களுக்கு ஐந்து வாரண்டி. ஒவ்வொரு சர்வீஸ் சென்டரும் தன் பாகத்தை மட்டும் சோதித்து, ‘நல்லாத்தான் இருக்கு’ என்று திருப்பித் தந்துவிடலாம். அவர்கள் சொல்வது பொய்யாகவும் இருக்காது. தனித்தனியே நன்றாக ஓடும் பாகங்கள் சேர்ந்தால் ஓடாமல் போவதுண்டு. அதைவிடக் குழப்புவது, திரையில் குறை சொல்லப்படும் பாகம் ஒன்றாகவும் பழுதான பாகம் வேறாகவும் இருப்பது. இந்தக் கட்டுரை இதையே மையமாக வைத்துச் செல்கிறது.

கணினி எழுதிவைக்கும் பதிவுகள்

முடக்கம் வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை ‘ஃபார்மட் அடிப்பது’. அதைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். ஃபார்மட் அடித்தால், முடக்கத்தைப் பற்றிக் கணினியே எழுதிவைத்த குறிப்புகளும் சேர்ந்து அழிந்துவிடும். நீலத்திரை வரும்போது விண்டோஸ், நினைவகத்தின் ஒரு சிறு பகுதியை ‘மினிடம்ப்’ என்ற கோப்புறையில் சேமிக்கிறது. நீலத்திரை வந்த சில நொடிகளில் ரீஸ்டார்ட் ஆகிவிடுவதால் குறியீட்டைப் படிக்கப் பலருக்கு நேரம் கிடைப்பதில்லை. சிஸ்டம் அமைப்புகளில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் தேர்வை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். (1993இல் வந்த விண்டோஸ் என்டி 3.1 காலத்திலிருந்து தொடரும் நீல நிறத்தை மைக்ரோசாஃப்ட் 2025இல் விண்டோஸ் 11இல் கறுப்பாக மாற்றியது. பெயர் மட்டும் இன்னும் நீலத்திரைதான்.)

‘ஈவன்ட் வியூவர்’ பகுதியில் சிவப்புக் குறியுடன் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு இருக்கும். ‘பவர்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்கியவர்கள் ஏராளம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் கணினி மறுபடி எழுந்தது என்பதைத் தவிர அந்தப் பதிவு வேறெதையும் சொல்வதில்லை. கரண்ட் போனாலும் 41, ஹேங் ஆன கணினியைப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் 41. பயனுள்ள செய்தி அதன் விவரப் பகுதியில் ‘பக்செக்கோடு’ என்ற வரியில் இருக்கிறது. அங்கே சுழியம் இருந்தால், பிழையைக் குறித்துவைக்கவே விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். மின்வழங்கல், வெப்பம், மதர்போர்டு ஆகியவற்றின் பக்கம் திரும்பலாம். வேறு எண் இருந்தால் அது நீலத்திரையின் குறியீடு.

இன்னொரு பதிவு ‘வீயா-லாகர்’. இது ப்ராசஸரே தான் கண்ட வன்பொருள் பிழையைத் தெரிவிப்பது. அதற்குள் ‘ப்ராசஸர் ஏபிஐசி ஐடி’ என்று ஓர் எண் வரும். பிழை எந்தக் கோரில் எழுந்தது என்பதை அது காட்டுகிறது. பல பதிவுகளிலும் அதே எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கோரைச் சந்தேகிக்கலாம். எண் மாறிக்கொண்டே இருந்தால், எல்லாக் கோர்களுக்கும் பொதுவான மின்னழுத்தம், மதர்போர்டு போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

ரேம்

சந்தேகப் பட்டியலில் ரேம்தான் முதலிடம். ரேம் பிழை ஒரே முகத்தோடு வராது. இன்று ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று நீலத்திரை, நாளை ‘பேஜ் ஃபால்ட்’, மறுநாள் ஜிப் கோப்பு பிரிய மறுக்கும், பிரவுசர் தானாக மூடிக்கொள்ளும். குறியீடு முறைக்கு முறை மாறுகிறது என்றால் ரேமை முதலில் சோதிப்பது நல்லது.

புதிதாகப் பூட்டியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ரேமின் வேகம். அட்டையில் 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ ப்ரொஃபைலை இயக்கினால்தான் அந்த வேகத்தில் ஓடும். எக்ஸ்எம்பி 2007இல் இன்டெல் கொண்டுவந்தது. எக்ஸ்போ 2022இல் ஏஎம்டி அறிவித்தது. இரண்டுமே நடைமுறையில் ஓவர்கிளாக்கிங்தான், அதாவது உறுதியளித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளித்த வேகம், இரண்டு ரேம் சொருகினால் 5200. நான்கு சொருகினால் வெறும் 3600. பிற்பாடு இன்னொரு ஜோடி ரேம் வாங்கிச் சேர்த்தவுடன் முடக்கம் தொடங்கியது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே விளக்கம். 2023இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சாக்கெட்டிலேயே கருகியபோது, ரேம் ப்ரொஃபைலோடு சேர்ந்து உயர்ந்த எஸ்ஓசி மின்னழுத்தம் பேசுபொருளானது. புதிய பயாஸ்களில் அதை 1.3 வோல்ட்டுக்குள் ஏஎம்டி கட்டுப்படுத்தியது. ஆகவே முடக்கம் இருக்கும் கணினியில் ப்ரொஃபைலை அணைத்து, இயல்பு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதைப்போலச் செலவில்லாத சோதனை வேறில்லை. ரேம் இரண்டு என்றால் எந்த ஸ்லாட் என்பதும் முக்கியம்: பெரும்பாலான மதர்போர்டுகளில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவதும் நான்காவதும்.

இயல்பு வேகத்திலும் முடங்கினால் மெம்டெஸ்ட்86 ஓட்டலாம். 1994இல் கிறிஸ் பிரேடி எழுதிய இந்த நிரல், விண்டோஸ் எழும் முன்பே பென்டிரைவிலிருந்து இயங்கி, நினைவகம் முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்கும். இரவில் ஓடவிட்டு, காலையில் பிழை எண்ணிக்கையைப் பார்த்தால் போதும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை அதே அமைப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது. ‘ஏதோ எப்போதாவது வரும்’ என்று சமாதானம் சொல்வதற்கு ஆதாரம் குறைவு: கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம்களில் பிழை பதிவானது, தற்செயலாக வந்துபோகும் பிழைகளைவிட நிரந்தரப் பழுதுகளே அதிகம் என்றும் அது கண்டது. டிடிஆர்5 சிப்புக்குள் பிழைதிருத்தும் வசதி இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. சிப்பிலிருந்து ப்ராசஸருக்கு வரும் வழியில் நேரும் பிழையை அது திருத்துவதில்லை.

ரேமைக் கழற்றி, தங்க முலாம் பூசிய முனையை ரப்பரால் துடைத்து மறுபடி சொருகுவது நம் ஊரில் தலைமுறை கடந்த வைத்தியம். அது பலமுறை பலிக்கிறது. கழற்றி, இரு பக்கமும் ‘க்ளிக்’ என்று பூட்டும்வரை அழுத்திச் சொருகியதே பெரும்பாலும் அதற்குக் காரணம். துடைத்தால் ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்வழங்கல்

விளையாட்டுத் தொடங்கியதும் கணினி பொட்டென்று அணைந்தால் கண் போக வேண்டிய இடம் எஸ்எம்பிஎஸ். எஸ்எம்பிஎஸ்களுக்கான நீண்டகால ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் இணைப்பு 11.4க்குக் கீழும் 12.6க்கு மேலும் போகக் கூடாது. இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தம் சராசரியைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கக்கூடியவை. சராசரிக் கணக்கில் போதுமான எஸ்எம்பிஎஸ்கூட அந்தக் கணத்தில் ஆபத்து என்று கருதித் தன்னை அணைத்துக்கொள்ளும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, இத்தகைய குறுகிய எகிறல்களைத் தாங்க வேண்டும் என்று வரையறுத்தது இதனால்தான். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் முன், கிராபிக்ஸ் கார்டுக்கு இரட்டை முனை கொண்ட ஒரே கேபிளுக்குப் பதில் இரண்டு தனிக் கேபிள்கள் கொடுத்துப் பார்க்கலாம்.

யூபிஎஸ்ஸையும் விட்டுவிடக் கூடாது. கரண்ட் போனபின் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ள மின்சாரத்தால் தாக்குப்பிடிப்பது வழக்கமான விதிப்படி 16 மில்லிநொடி அளவுதான். யூபிஎஸ் அதற்குள் பேட்டரிக்கு மாறியாக வேண்டும். விலை குறைந்த யூபிஎஸ் தரும் படிக்கட்டு வடிவ மின்னலையைச் சில எஸ்எம்பிஎஸ்கள் ஏற்பதில்லை. மின்வெட்டின்போது மட்டும் கணினி அணைகிறது என்றால் இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். எர்த் இல்லாத பிளக்கில் செருகிய கணினியின் கேபினெட்டைத் தொட்டால் ‘ஜிவ்’வென்று இருப்பதும் எஸ்எம்பிஎஸ் பழுதல்ல. அதன் உள்ளே உள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியே கேபினெட்டில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், அதாவது 115 வோல்ட் அளவில், தங்குகிறது. மின்னோட்டம் மிகச் சிறிது என்றாலும் எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்த பிறகே மற்ற சோதனைகளைத் தொடர வேண்டும்.

வெப்பம்

வெப்பம் நினைப்பதைவிட அரிதான காரணம். ரைசன் 7000 வரிசை 95 டிகிரியிலும், இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் 100 டிகிரியிலும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அணைவது அதற்கும் மேலே போனால்தான். ஆனாலும் வெப்பத்தை அந்த அளவுக்கு ஏற்றும் தவறுகள் உண்டு: கூலரின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பூட்டுவது இன்றும் நடக்கிறது.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை

அண்மைக்காலத்தில் இத்துறையில் எல்லோரையும் அலையவைத்தது இந்த இரு தலைமுறை ப்ராசஸர்களின் பழுதே. 2022 இறுதியில் வந்த கோர் ஐ9-13900கே, அடுத்த ஆண்டு வந்த 14900கே போன்ற ப்ராசஸர்கள் சில மாதங்கள் நன்றாக ஓடிவிட்டு முடங்கத் தொடங்கின. அன்ரியல் எஞ்சினில் செய்த விளையாட்டுகள், ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று சொல்லி நின்றன. மக்கள் கிராபிக்ஸ் கார்டை மாற்றினார்கள், டிரைவரை அழித்து மறுபடி போட்டார்கள். பழுதோ ப்ராசஸரில். சுருக்கிவைத்த தரவை விரிக்கும் வேலை எல்லாக் கோர்களையும் முழு மூச்சில் ஓட்டுகிறது. அங்கே ப்ராசஸர் தப்பாகக் கணக்கிட, விரிந்த தரவு சிதைந்து, விளையாட்டு அதை வீடியோ நினைவகப் பிழையாக அறிவித்தது.

ப்ராசஸருக்குள் இருக்கும் கடிகாரச் சுற்று ஒன்று, உயர்ந்த மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் விரைவில் மூப்படைகிறது என்று 2024 செப்டம்பரில் இன்டெல் அறிவித்தது. மதர்போர்டுகளின் தளர்வான மின் அமைப்புகளும், தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்ட மைக்ரோகோடும் (ப்ராசஸரின் உள் நிரல்) சேர்ந்து அதைத் தூண்டின. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்திய மைக்ரோகோடுகள் பயாஸ் வழியே வந்தன. பெட்டியில் விற்ற ப்ராசஸர்களின் வாரண்டி மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளானது. புதிய பயாஸ் மேற்கொண்டு சேதம் வராமல் தடுக்கும், ஏற்கெனவே மூப்படைந்த சிப்பை மீட்காது. இந்தத் தலைமுறை வைத்திருப்பவர் பயாஸைப் புதுப்பித்த பிறகும் முடக்கம் தொடர்ந்தால் ப்ராசஸரை மாற்றித்தரக் கேட்பதே சரி.

மென்பொருள்

விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இயங்கும் எந்த மென்பொருளும் நல்ல வன்பொருளை வீழ்த்த முடியும். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான ஒரு கோப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. வீட்டுக் கணினியில் முதலில் நீக்கிப் பார்க்க வேண்டியவை கிராபிக்ஸ் டிரைவர், ஆர்ஜிபி விளக்குகளை இயக்கும் மென்பொருள், கூடுதலாகப் போட்ட ஆன்ட்டிவைரஸ். மென்பொருள் அல்ல என்றாலும் வட்டையும் மறக்கலாகாது: வட்டு தன் நிலையைப் பதியும் ஸ்மார்ட் விவரத்தில் ‘சிஆர்சி’ பிழை எண் ஏறிக்கொண்டே போனால், பழுது பெரும்பாலும் ஹார்டு டிஸ்கில் இல்லை, சாட்டா கேபிளில்.

பிரித்தறிதல்

மேற்சொன்ன எதுவும் விடை தராதபோது கணினியைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றுடன் மட்டும் ஓட்டலாம். வெளியே ஓடி உள்ளே முடங்கினால், தேவையற்ற இடத்தில் மாட்டிய ஸ்டாண்டாஃப் திருகு மதர்போர்டின் அடியில் ஷார்ட் ஆக்குகிறதா, முன்பக்க ரீசெட் பொத்தான் சிக்கிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. ரேமையும் மாற்றி, பயாஸையும் புதுப்பித்து, டிரைவரையும் ஒரே மாலையில் போட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சர்வீஸ் சென்டரில் காட்டவும் ஆதாரம் இருக்காது. நண்பரிடமிருந்து வேலை செய்யும் எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்குவது பல நாள் யூகத்தை மிச்சமாக்கும். மாற்றும்போது பழைய மாடுலர் கேபிள்களைப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகவே கூடாது. முனை பொருந்தினாலும் கம்பி வரிசை வேறாக இருக்கலாம், வட்டுகள் எரிந்துபோகும்.

ஒரு மாற்றம் பலித்ததா என்பதை முடக்கத்தின் பழைய இடைவெளியை வைத்தே தீர்மானிக்க வேண்டும். மணிக்கொருமுறை நின்ற கணினி ஒரு நாள் முழுக்க ஓடினால் நம்பலாம். வாரத்துக்கு ஒருமுறை நின்றதென்றால், மூன்று நான்கு வாரம் பொறுத்துப் பார்த்த பிறகே பழைய பாகத்தின் வாரண்டிப் படிவத்தை நிரப்புவது நல்லது.