மூன்று டிக்கெட் ஒன்றான கதை



சென்ற மாதம் என் மனைவியின் கண் பரிசோதனைக்காகச் சென்னை போயிருந்தோம். இங்கிருந்து எழும்பூர் வரை ரயில், பிறகு மெட்ரோ, கடைசியில் மாநகரப் பேருந்து. மெட்ரோ நிலையத்தில் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரி மாணவி, "சென்னை ஒன் செயலி இருந்தால் ஒரே க்யூஆர் கோடு போதும் அங்கிள்" என்று சொல்லி, என் கைபேசியில் அதை இறக்கியும் கொடுத்தாள். மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்! அவளுக்கு அது சாதாரணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1980களில் மூன்று வருடம் நான் சென்னைக் கிளையில் எழுத்தராக இருந்தேன். குரோம்பேட்டையில் அறை. காலையில் மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வரை, அங்கிருந்து பல்லவன் பேருந்து. ரயிலுக்கு ஒரு சீசன் டிக்கெட், பஸ்ஸுக்குத் தனியாக ஒரு பாஸ். இரண்டும் வெவ்வேறு தேதியில் முடியும். இரண்டுக்கும் வெவ்வேறு வரிசையில் நிற்க வேண்டும். அன்றைக்கு அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. ரயில் ரயில்தான், பஸ் பஸ்தான் என்றிருந்தோம்.

வரலாற்றைப் பார்த்தால் காரணம் விளங்கும். இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895 மே 7 அன்று சென்னையில்தான் ஓடியது. அதை நடத்தியது ஒரு தனியார் கம்பெனி. 1931இல் தென்னிந்திய ரயில்வே கடற்கரை - தாம்பரம் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் விட்டது. அது இன்னொரு கம்பெனி. நஷ்டத்தில் தத்தளித்த டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது. நகரப் பேருந்துகளை மாநில அரசு எடுத்து நடத்தி, 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தைத் தொடங்கியது. ரயில்வேயோ மத்திய அரசின் கையில். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் வந்தது. 1997இல் மயிலாப்பூருக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது. அதுவும் ரயில்வே வசம். அதே 2007இல் மாநில அரசு சென்னை மெட்ரோ நிறுவனத்தைத் தொடங்கியது; பிறகு அது மத்திய, மாநில அரசுகள் சரிபாதிப் பங்கு கொண்ட நிறுவனமாயிற்று. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு - ஆலந்தூர் இடையே முதல் மெட்ரோ ஓடியது.

ஆக, ஒரே நகரத்துக்கு மூன்று முதலாளிகள், மூன்று கணக்குப் புத்தகங்கள். அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். நடுவில் இருக்கும் இடைவெளிதான் யாருடைய வேலையும் இல்லை. கோயம்பேடு பேருந்து நிலையம் 2002இல் திறந்தது. அங்கே மெட்ரோ வர 13 வருடம் ஆயிற்று. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது, ரயில் பாதை எதிரிலேயே ஓடியும் அங்கே ரயில் நிற்க நிலையம் இல்லை. பெட்டியோடு இறங்கியவர்கள் ஊரப்பாக்கத்துக்கோ வண்டலூருக்கோ போய்த்தான் ரயில் பிடித்தார்கள்.

பணத்திலும் இப்படித்தான். எந்த வண்டியிலும் ஏறியவுடன் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று உண்டு. தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறையும். வண்டி மாறினால் மீண்டும் முதலிலிருந்து கணக்கு. மூன்று வண்டி மாறுபவர் குறைந்தபட்சக் கட்டணத்தை மூன்று தடவை கட்டுகிறார். வீட்டு வாசலிலிருந்து ஒரே பேருந்தில் போகிறவருக்கு அந்தச் செலவு இல்லை. தூரத்தில், வாடகை குறைவான இடத்தில் இருப்பவர்தான் அதிகம் வண்டி மாற வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு என்ன வழி? வங்கியில் இருந்தவனுக்கு இது புதிய கேள்வி இல்லை. அந்த நாளில் எங்கள் கிளைக்கு வரும் பிற வங்கிக் காசோலைகளைக் கட்டுக்கட்டாகப் பையில் போட்டு 'கிளியரிங்'குக்கு அனுப்புவோம். எல்லா வங்கிகளின் ஆட்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து காசோலைகளை மாற்றிக்கொள்வார்கள். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நிகரத் தொகை போட்டு, அன்றே ரிசர்வ் வங்கிக் கணக்கில் தீர்த்துவிடுவார்கள். வங்கிகள் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டாலும் கிளியரிங் நின்றதில்லை. வாடிக்கையாளர் ஒவ்வொரு வங்கியாக ஏறி இறங்கவும் வேண்டியதில்லை. போக்குவரத்துக்கும் இப்படி ஒரு கூடம்தான் தேவை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் இதை 1965இலேயே செய்தது. ரயில், பேருந்து, படகு நிறுவனங்கள் தனித்தனியாகவே இருந்தன. ஆனால் கட்டணமும் கால அட்டவணையும் ஒன்று. வசூல் பொதுவில் சேர்ந்து பிறகு பங்கு பிரிந்தது. பாரிஸில் 1975இல் 'கார்த் ஒராஞ்ச்' என்ற மாதப் பாஸ் வந்தது. மெட்ரோ, பேருந்து, புறநகர் ரயில் மூன்றுக்கும் அது ஒன்றே. நம் குடியிருப்பில் பிரான்சில் பிள்ளைகள் உள்ள வீடுகள் பல. அவர்களிடம் இருக்கும் 'நவிகோ' அட்டை அதன் வாரிசுதான்.

சென்னையில் இதற்கான சட்டம் 2010இல் வந்தது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக 'கும்டா' என்பார்கள். ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019இல். முதலமைச்சர் தலைமையில் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். மெட்ரோவில் 2023இல் வந்த சிங்காரச் சென்னை அட்டை 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துக்கும் வந்தது. 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றையும் சேர்த்து 'சென்னை ஒன்' வந்தது. டிக்கெட் ஒன்றாகிவிட்டது. கட்டணம் மட்டும் அந்தந்த வண்டிக்குத் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டப்படுகிறது. பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள். அந்தப் பாதிக்கே சட்டம் வந்த நாளிலிருந்து 15 வருடம். தண்டவாளம் போட ஆன காலத்தைவிட, ஒன்றாக உட்கார்ந்து பேச ஆன காலம் அதிகம்.

"பெரிய நகரத்துக் கதை நமக்கெதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊர் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை 1879இல் திறக்கப்பட்டது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஏறத்தாழ 8 மைல் பாதை பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனிக்குச் சொந்தம். அதில் வண்டியை ஓட்டியது எல்லைக்கு அப்பால் இருந்த தென்னிந்திய ரயில்வே. இரண்டு கொடி, இரண்டு அரசாங்கம், நடுவில் சுங்கச் சோதனை வேறு. ஆனாலும் ரயில் ஒன்றுதான். ஒப்பந்தம் போட்டு ஓட்டினார்கள்.

கண் பரிசோதனை முடிந்து அன்றிரவு நாங்கள் புதுச்சேரி நிலையத்தில் இறங்கினோம். வெளியே வந்து பார்த்தால் நம் பக்கம் வரும் டவுன் பஸ்ஸும் இல்லை, டெம்போவும் இல்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவளுக்குப் பார்வை மங்கலாகவே இருந்தது. நடக்க வைக்க முடியாமல் ஆட்டோ பிடித்தேன். எழும்பூரிலிருந்து இங்கு வர எங்கள் இருவருக்கும் ஆன ரயில் கட்டணத்தைவிட அந்த ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம்.

சென்னை மருத்துவமனைகளுக்குப் போய் வரும் மூத்தவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர் இருக்கிறோம். நமக்கு மெட்ரோ வேண்டாம், செயலிகூட வேண்டாம். ரயில் வரும் நேரத்துக்கு நிலைய வாசலில் ஒரு பேருந்து நின்று, அது பேருந்து நிலையம் வழியாக ஊருக்குள் வந்தால் போதும். அதற்கு ரயில் கால அட்டவணையையும் பஸ் கால அட்டவணையையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு மனுவாகக் கொண்டுவர இருக்கிறேன். உங்கள் கையெழுத்தையும் எதிர்பார்க்கிறேன். எந்த ரயிலில் வந்து எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தால் மனுவோடு இணைத்துவிடலாம்.