ஜோடியா வாங்கினா மட்டும் போதுமா? வீட்டு முயல்கள் கடித்துக்கொள்வது ஏன்... பழக வைப்பது எப்படி?

சாலையோரத்தில் ஒரு கம்பிக்கூண்டு. உள்ளே வெள்ளை வெளேர்னு பத்துப் பதினைந்து முயல் குட்டிகள். "ஒண்ணா வாங்கினா ஏங்கிச் செத்துடும், ஜோடியா எடுத்துக்கோங்க" என்பார் விற்பவர். குழந்தை அடம்பிடிக்க, ஓர் அட்டைப்பெட்டியில் ஜோடி வீட்டுக்கு வந்துவிடும். முதல் இரண்டு மாதம் ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்கும். எல்லோரும் வீடியோ எடுப்பார்கள். நான்காவது மாதத்தில் ஒருநாள் காலையில் பார்த்தால் கூண்டு முழுக்க முடி பறந்து கிடக்கும், ஒன்றுக்குக் காது கிழிந்திருக்கும். இல்லையென்றால், யாரும் எதிர்பார்க்காமல் ஆறு குட்டிகள் பிறந்திருக்கும்.

விற்பவர் சொன்னதில் பாதி உண்மை. முயல் கூட்டமாக வாழும் பிராணிதான், துணை அதற்கு நிச்சயம் தேவை. ஆனால் எந்த இரண்டு முயலையும் ஒரே கூண்டில் போட்டால் நட்பாகிவிடும் என்பது தவறு. முயல் உலகத்தில் நட்பு மெதுவாகத்தான் வரும்.

காட்டு முயலும் வீட்டு முயலும் ஒன்றா?

இல்லை. வீட்டில் வளர்க்கும் வெள்ளை, சாம்பல், கறுப்பு முயல்கள் எல்லாமே ஐரோப்பிய முயல் இனத்திலிருந்து வந்தவை. நம்ம ஊர் புதர்க்காட்டில் ஓடுவது வேறு இனம். அதன் குட்டி பிறக்கும்போதே உடம்பில் முடியோடு, கண் திறந்து பிறக்கும். வீட்டு முயல் குட்டிக்கு முடி இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. காட்டு முயல் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தோட்டத்தில் கிடைத்த குட்டியை "பாவம்" என்று தூக்கி வந்து வளர்ப்பதும் சட்டப்படி குற்றம்தான். தாய் பகலில் குட்டிகளைத் தனியாக விட்டுவிட்டுப் போவது அதன் இயல்பு. எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

'ஏங்கிச் செத்துடுச்சு' என்பது உண்மையா?

வாங்கிய ஒரே வாரத்தில் குட்டி இறப்பது பல வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் ஏக்கம் இல்லை, வயிறு. குட்டி குறைந்தது 8 வாரமாவது தாயோடு இருக்க வேண்டும். சாலையோரத்தில் விற்கப்படுபவை பல நேரங்களில் 4 வாரம்கூட ஆகாதவை. குட்டி சின்னதாக இருந்தால்தானே விற்கும்! பால் மறக்காத குட்டிக்கு முட்டைகோஸும் கேரட்டும் போட்டால் வயிற்றுப்போக்கு வந்து ஒரே நாளில் போய்விடும். உள்ளங்கையில் அடங்கும் சைஸில் இருக்கும் குட்டியை வாங்காதீர்கள்.

ஏன் திடீர்னு சண்டை?

முயலுக்கு மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பருவம் வந்துவிடும். அதுவரை அண்ணன் தம்பியாக இருந்த இரண்டு ஆண் முயல்கள் அதற்குப் பிறகு எதிரிகள். பெண் முயலும் சாதுவானது இல்லை. தன் இடத்துக்குள் யார் வந்தாலும், கை நீட்டும் மனிதரையே உறுமி அறையும்.

ஆண்-பெண் ஜோடி என்றால் பிரச்னை வேறு மாதிரி. முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள்தான். அதைவிட முக்கியம், குட்டி போட்ட அன்றே பெண் முயல் மறுபடியும் சினை பிடிக்கும். ஒரு ஈற்றுக்கு ஆறு குட்டி என்று கணக்குப் போட்டால்கூட, ஒரு வருடத்தில் அப்பார்ட்மென்ட் பால்கனி என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குட்டியாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். கடைக்காரர் "ரெண்டுமே பொண்ணு" என்றதை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

சண்டைக்கும் பெருக்கத்துக்கும் ஒரே தீர்வு கருத்தடை அறுவை சிகிச்சை. ஆண் முயலுக்கு சுமார் 4 மாதத்திலும் பெண் முயலுக்கு சுமார் 6 மாதத்திலும் செய்யலாம். பெண் முயலுக்கு இது இன்னொரு வகையிலும் அவசியம். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏற, குறிப்பாக 4 வயதுக்கு மேல், கர்ப்பப்பை புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். ஆண் முயலுக்கு ஆபரேஷன் முடிந்த அன்றே பெண்ணோடு விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகும் சில வாரங்கள் சினைப்படுத்தும் திறன் இருக்கும். 6 வாரம் பிரித்து வைப்பது பாதுகாப்பு.

முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது நாய், பூனைக்குக் கொடுப்பது மாதிரி அல்ல. அனுபவமுள்ள டாக்டரிடம்தான் போக வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன கேள்வி உதவும்: "ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பட்டினி போடணுமா?" முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் முயலைப் பட்டினி போடக் கூடாது. "போடணும்" என்று பதில் வந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். சென்னை வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.

இரண்டையும் பழக வைப்பது எப்படி?

எளிதாக ஒத்துப்போகும் ஜோடி, கருத்தடை செய்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான். ஆபரேஷன் காயம் ஆறி, ஹார்மோன் அடங்கிய பிறகு ஆரம்பிக்கலாம்.

முதல் ஒன்றிரண்டு வாரம் இரண்டும் தனித்தனிக் கூண்டில், பக்கத்துப் பக்கத்தில். இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும், இல்லையென்றால் கம்பி வழியாகவே மூக்கைக் கடித்துவிடும். தினமும் இதன் துண்டை அதற்கும், அதன் துண்டை இதற்கும் மாற்றிப் போடுங்கள். கூண்டையே மாற்றினாலும் நல்லது. முயலுக்கு ஆதார் கார்டு அதன் வாசனைதான். எதிராளியின் வாசனை "நம்ம வீட்டு வாசனை" ஆன பிறகுதான் நேரில் சந்திப்பு.

அந்தச் சந்திப்பு நடக்கும் இடம் இரண்டுக்குமே புதிதாக இருக்க வேண்டும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய முயலின் கூண்டுக்குள் புது முயலை இறக்கிவிட்டு "பழகிடும்" என்று விட்டுவிட்டால், பழையது அதைத் தன் வீட்டுக்குள் புகுந்த திருடனாகத்தான் பார்க்கும். இதுவரை இரண்டும் கால் வைக்காத பெட்ரூம், பக்கத்து வீட்டு ஹால், இல்லை பாய் விரித்த குளியலறை போதும். வெறும் டைல்ஸில் விடாதீர்கள், கால் வழுக்கினால் முயல் பயந்துவிடும்.

முதல் நாள் 10 நிமிடம் போதும். நடுவில் ஒரு குவியல் புல்லைப் போட்டு, நீங்களும் தரையில் உட்காருங்கள். கையில் தடிமனான டவலோ துடைப்பமோ இருக்கட்டும். ஒன்றின் மீது ஒன்று ஏறுவது பெரும்பாலும் "யார் பெரியவர்" என்ற பேச்சுவார்த்தைதான். சில நொடிகள் விடலாம். ஆனால் தலைப்பக்கமாக ஏறினால் உடனே இறக்கிவிடுங்கள், கீழே இருப்பது கடித்தால் காயம் மோசமான இடத்தில் படும். லேசான துரத்தலுக்கும் முடி இழுப்பதற்கும் பதற வேண்டாம். காது பின்னால் ஒட்டி, வால் நிமிர்ந்து, இரண்டும் வட்டமடிக்க ஆரம்பித்தால் அடுத்த நொடி சண்டைதான். டவலைப் போட்டுப் பிரியுங்கள். வெறும் கையை உள்ளே விடாதீர்கள், பல் எலும்பு வரை இறங்கும்.

நல்ல அறிகுறி சத்தமே இல்லாமல் வரும். பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்து முகம் கழுவும், ஒன்றாகப் புல் மெல்லும். பிறகு ஒருநாள் ஒன்று தலையைத் தாழ்த்தி நீட்ட, மற்றது நெற்றியை நக்கிக் கொடுக்கும். தினமும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒன்றையொன்று நக்கிக்கொடுத்து, ஒட்டிப் படுத்து, இரண்டு நாள் சண்டையே இல்லை என்ற பிறகுதான் இரவில் சேர்த்து விடலாம். சில ஜோடிக்கு ஒரு வாரம், சிலதுக்கு மூன்று மாதம். ஒத்தே போகாத ஜோடியும் உண்டு. அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம், பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் பார்த்துக்கொண்டு வாழட்டும்.

ஒரு முக்கியமான விஷயம்: சேர்ந்த பிறகு பிரிக்காதீர்கள். ஒன்றை டாக்டரிடம் கொண்டுபோனால் மற்றதையும் கூடவே கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரி வாசனையோடு தனியாகத் திரும்பி வரும் முயலைத் துணையே அந்நியனாக நினைத்துத் தாக்குவது உண்டு.

உங்களிடம் பழக வேண்டுமா?

தூக்காதீர்கள். குழந்தைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியதும் இதுதான். முயலைத் தூக்குவது, பருந்து தூக்கிக்கொண்டு போவது மாதிரி அதற்குத் தோன்றும். காதைப் பிடித்துத் தூக்குவது சினிமாவோடு போகட்டும். பின்னங்கால் தாங்கப்படாமல் உதறினால் முதுகெலும்பே முறிந்துவிடும். தூக்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்பக்கத்துக்கு அடியில்.

தரையில் உட்கார்ந்து செல்போன் பாருங்கள், அதுவாகவே வந்து மோந்து பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னால் முயலுக்குக் கண் தெரியாது, அதனால் கையை முகத்துக்கு நேராக நீட்டாமல் பக்கவாட்டிலிருந்து நெற்றியைத் தடவுங்கள். பல்லை லேசாக நறநறவென அரைத்தால் சந்தோஷம். சத்தமாக அரைத்து, குறுகி உட்கார்ந்திருந்தால் வலி. பின்னங்காலால் தரையைத் தட்டினால் ஆபத்து எச்சரிக்கை. ஓடும்போது காற்றில் எகிறி உடம்பை முறுக்கினால் குஷி!

சாப்பாடு: கேரட்டை மறந்துடுங்க

கார்ட்டூன் செய்த வேலை அது. கேரட்டில் சர்க்கரை அதிகம், ஒரு துண்டு போதும், அதுவும் எப்போதாவது. முயல் சாப்பாட்டில் 80 சதவிகிதத்துக்கு மேல் புல்லும் காய்ந்த புல்லும்தான். அதன் 28 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், நார் மென்றால்தான் தேயும். வெளிநாட்டு திமோதி புல் விலை அதிகம் என்றால் அருகம்புல்லைக் கழுவி நிழலில் காயவைத்துக் கொடுக்கலாம். மருந்து அடித்த வயல் வரப்பிலிருந்து எடுக்காதீர்கள். வைக்கோலில் சத்து குறைவு. கொத்தமல்லி, புதினா தினமும் ஒரு கைப்பிடி தரலாம். முருங்கைக்கீரை அளவோடு. சோறு, இட்லி, பிஸ்கட், வெங்காயம், பூண்டு, சாக்லேட் கூடவே கூடாது. அரளிச்செடி இருக்கும் மாடியில் முயலை விடாதீர்கள், அது விஷம்.

"முயலுக்குத் தண்ணி வெச்சா செத்துடும்" என்பது சுத்தப் பொய். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லி அளவுக்குக் குடிக்கும். கனமான கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். ஆனால் குளிப்பாட்டுவது வேண்டாம், அதிர்ச்சியிலேயே உயிர் போகலாம்.

தன் பின்பக்கத்திலிருந்து மிருதுவான புழுக்கையைத் தானே தின்பதைப் பார்த்து அருவருப்பட வேண்டாம். பாதி செரித்த உணவிலிருந்து மீதிச் சத்தை எடுக்கும் வழி அது.

தமிழ்நாட்டு வெயில்தான் பெரிய எதிரி

தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நடக்கும் இடங்களில் நீலகிரியின் சாண்டிநல்லாவும் கொடைக்கானல் மன்னவனூரும் முக்கியமானவை. இரண்டுமே மலை. காரணம் இல்லாமல் இல்லை. முயலுக்கு வியர்க்காது, உடல் சூடு காது வழியாகத்தான் வெளியேறும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். அப்படியென்றால் சென்னை, வேலூர் மே மாதத்தில்? மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை அதற்கு அடுப்பு. வீட்டுக்குள், ஃபேன் ஓடும் இடத்தில், தரையில் வையுங்கள். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் போட்டால் அதன்மீது சாய்ந்து படுக்கும். வாயைத் திறந்து மூச்சுவிட்டால், எச்சில் வழிந்தால், காதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

தீபாவளி மூன்று நாளும் ஜன்னலை மூடிய உள்ளறை. வெடிச்சத்தப் பயத்தில் முயல் சாப்பாட்டை நிறுத்திவிடும், அதிர்ச்சியில் இறந்துபோவதும் உண்டு.

எப்போது அவசரம்?

12 மணி நேரம் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம். குடல் நின்றுபோகிறது என்று அர்த்தம். வீட்டிலிருக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள். மனிதர்கள் சாதாரணமாக விழுங்கும் அமாக்ஸிசிலின் முயலின் வயிற்றுக்குள் போனால் நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுக்கும். நாய்க்கு உண்ணிக்காக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் ஆபத்து. மூக்கு, காது ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்கு கட்டினால் சொறிப்பூச்சி. அது நம் கைக்கும் அரிப்பைக் கொடுக்கும், ஊசி போட்டால் குணமாகும். சிறுநீர் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ போவது பல நேரம் சாப்பாட்டின் நிறம்தான். அதோடு முக்கினால், சோர்ந்து கிடந்தால் மட்டும் காட்டுங்கள்.

ஜோடியில் ஒன்று இறந்துவிட்டால்?

நன்றாக வளர்த்தால் வீட்டு முயல் 8 முதல் 12 வருடம் வாழும். இரண்டும் ஒரே நாளில் போகாது. இறந்த முயலை உடனே எடுத்துப் புதைத்துவிட்டால், இருப்பது நாள் கணக்கில் தேடும். தொற்றுநோய் இல்லையென்றால் உடலை சிறிது நேரம் பக்கத்தில் வையுங்கள். மோந்து பார்க்கும், நக்கும், சில நேரம் மேலே குதிக்கும், பிறகு தானே விலகிப் போகும். அடுத்த சில நாட்கள் அது சாப்பிடுகிறதா, புழுக்கை போடுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். புது முயல் கொண்டுவருவதாக இருந்தால், மறுபடியும் இரண்டு கூண்டு, இடையில் ஒரு சாண் இடைவெளி, துண்டு மாற்றுவதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.