கருநிலை மதுசாரப் பாதிப்புடைய வயதுவந்தோர் பராமரிப்பு

கருநிலை மதுசாரப் பாதிப்பு (எஃப்.ஏ.எஸ்.டி.) என்பது, தாய் கருவுற்ற காலத்தில் அருந்திய மதுசாரம் கருவின் மூளையையும் பிற உறுப்புகளையும் தாக்குவதால் ஏற்படும் குறைபாடுகளின் தொகுதி ஆகும். இது வாழ்நாள் முழுவதும் நீடிப்பதால், பாதிக்கப்பட்டவர்களுள் பலருக்கு 18 வயதுக்குப் பின்னரும் துணை தேவைப்படுகிறது.

வரலாறு

பிரான்சில் பவுல் லெமுவான் 1968 இல் இக்குறைபாடுகளை விவரித்தார். 1973 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் சிமித் ஆகியோர் இவற்றின் கடுமையான வடிவத்துக்குப் பெயரிட்டனர். 1999 முதல் செப்டம்பர் 9 இதற்கான விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வயதுவந்தோரின் இயல்புகள்

நினைவாற்றல், காலக் கணக்கு, பணத்தைக் கையாளுதல், பின்விளைவை முன்னுணர்தல் ஆகியவற்றில் இடர்ப்பாடு காணப்படும். பலருக்கு நுண்ணறிவு ஈவு 70 க்கு மேல் இருக்கும். பேச்சும் சரளமாக இருக்கலாம். இதனால் அவர்களது மறதி சோம்பலாகவும், தவறுகள் கீழ்ப்படியாமையாகவும் கருதப்படுகின்றன. தண்டனையால் இக்குறைபாடு நீங்குவதில்லை. சூழலை மாற்றியமைப்பதே பயன் தரும்.

பராமரிப்பு முறைகள்

* அன்றாட வேலைகளை ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் அமைத்தல்.
* ஒரு நேரத்தில் ஓர் அறிவுறுத்தலை மட்டும் கூறி, செய்து காட்டுதல்.
* படப்பட்டியல், கைப்பேசி நினைவூட்டல் ஆகியவற்றைப் பயன்படுத்துதல்.
* செலவுப் பணத்தைச் சிறு தொகைகளாகப் பிரித்து வழங்குதல்.
* கடன், கையொப்பம் போன்றவற்றில் நம்பகமான ஒருவரை உடன் வைத்தல்.
* மதுப் பழக்கத்திலிருந்தும், பிறர் ஏமாற்றுவதிலிருந்தும் காத்தல்.
* பராமரிப்பவருக்கு ஓய்வளிக்கப் பொறுப்பைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்ளுதல்.

ஓசூர்ப் பகுதியில்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பல ஆலைகள் முறைப்பணியில் இயங்குகின்றன. இத்தகையோருக்கு மாறும் பணிநேரம் குழப்பம் தரும். நிலையான நேரம், மாறாத பணி, ஒரே மேற்பார்வையாளர் ஆகியன ஏற்றவை. ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் உளநல, நரம்பியல் மருத்துவ வசதிகள் உள்ளன. நோயறிதலுக்குக் கருக்கால மதுப் பழக்கம் பற்றிய தகவல் முக்கியமானது. தாயின்மீது பழி சுமத்தினால் அத்தகவல் மறைக்கப்படும், உதவியும் தாமதமாகும்.

சட்ட ஏற்பாடுகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைகளில் இப்பாதிப்பு தனியே பெயரிடப்படவில்லை. எனினும் அறிவுசார் குறைபாடு உறுதி செய்யப்பட்டால் அவ்வகையில் சான்றிதழ் பெறலாம். அத்தகையோருக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 இன்படி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். பெற்றோர் முதுமை அடையும் முன்னரே இதனைச் செய்வது, அவர்களுக்குப் பின் பராமரிப்பு தடைபடாமல் இருக்க உதவும்.