குதிரைக்காரனின் சந்தனம்

1924இல் பிலிப் மோரிஸ் நிறுவனம் அமெரிக்கப் பெண்களுக்கென்று ஒரு சிகரெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மே மாதத்து இளவெயில் போல மென்மையானது என்று விளம்பரம் செய்தார்கள். உதட்டுச் சாயம் ஒட்டினாலும் தெரியக் கூடாது என்று பின்னால் நுனியில் சிவப்புப் பட்டையும் சுற்றினார்கள். பெயர் மார்ல்பரோ. முப்பது ஆண்டுகளாகியும் பெரிய விற்பனை இல்லை. 1950களில் புகையும் நுரையீரல் புற்றுநோயும் சேர்த்துப் பேசப்பட்டபோது ஃபில்டர் சிகரெட்டுக்கு மவுசு வந்தது. ஆனால் ஃபில்டர் என்பது பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் கூச்சப்பட்டார்கள். சிகாகோவின் விளம்பரக்காரர் லியோ பர்னெட் அந்தக் கூச்சத்தைப் போக்க ஒரு கௌபாயைக் கூட்டி வந்தார். தொப்பி, குதிரை, வெட்டவெளி, வாயில் சிகரெட். நேற்றுவரை பெண்கள் சரக்காக இருந்தது உலகத்தின் ஆகப் பெரிய ஆண்பிள்ளைச் சின்னமாகிவிட்டது.

இது செண்ட் பற்றிய கட்டுரைதான். சாண்டல் 33 என்ற வாசனையைச் செய்தவர்கள் தங்கள் கதையை அந்த விளம்பரத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்தி நீலம் படர்ந்த வானம், எல்லையில்லாத புல்வெளி, எரியும் விறகு, பக்கத்தில் ஒரு மனிதனும் அவன் குதிரையும். அந்தப் படத்துக்கு ஒரு மணம் இருந்தால் அது எப்படி இருக்கும்? ஆண், பெண் இருவரையும் கிறங்க வைக்கும்படி அதைச் செய்ய முடியுமா? இதுதான் அவர்கள் போட்டுக்கொண்ட கணக்கு.

அவர்கள் இருவர்: ஃபாப்ரிஸ் பெனோ, எடி ரோஷி. லோரியல் நிறுவனத்தில் அர்மானி செண்ட்டுகளுக்காக வேலை பார்த்த நண்பர்கள். பெரிய கம்பெனிகளின் விளம்பர அழகிகளும் பளபளப்புக் குப்பிகளும் அலுத்துப்போய், 2006இல் நியூயார்க்கின் எலிசபெத் தெருவில் லே லாபோ என்ற சின்னக் கடையைத் திறந்தார்கள். மருந்துக்கடைச் சீசா போன்ற எளிய குப்பி. வாங்க வருகிறவர் கண்ணெதிரிலேயே வாசனைச் சாரத்தை ஆல்கஹாலோடு கலந்து, தேதியும் பெயரும் அச்சடித்த சீட்டை ஒட்டிக் கொடுப்பார்கள். பெயருக்குப் பின்னால் வரும் எண், அந்தக் கலவையில் எத்தனை பொருட்கள் என்பதைச் சொல்லும்.

முதலில் வந்தது சாண்டல் 26. உடம்பில் பூச அல்ல, அறையில் ஏற்றிவைக்கிற மெழுகுவத்தி. அது எரிந்த அறைக்குள் நுழைந்தவர்கள் இதை மேலுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அறை வாசனையை அப்படியே தோலுக்குக் கொண்டுவந்துவிட முடியாது. சுடரின் சூட்டில் எழும் மணம் வேறு, உடம்புச் சூட்டில் மணிக்கணக்காகக் கசியும் மணம் வேறு. ஃபிராங்க் வோல்க்கெல் என்ற பெர்ஃப்யூமர் கலவையைப் புதிதாகக் கட்டினார். 2011இல் சாண்டல் 33 கடைக்கு வந்தது.

உள்ளே என்ன இருக்கிறது? ஏலக்காய், ஐரிஸ், வயலெட், பாப்பிரஸ் கோரை, தேவதாரு, தோல் மணம், அம்ப்ராக்ஸ். கடைசியாகச் சொன்னது, திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பருக்கு மாற்றாக ஃபிர்மெனிக் நிறுவனத்தார் ஆய்வகத்தில் கண்டுபிடித்த பொருள். இவற்றுக்கெல்லாம் நடுவில் சந்தனம். நம் சந்தனம் அல்ல, ஆஸ்திரேலியச் சந்தனம்.

அதற்குக் காரணம் நம் காடுகளில் இருக்கிறது. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசருக்கே உரிய மரம் என்று அறிவித்தார். ஆட்சிகள் மாறியும் அந்த உரிமை அரசின் கையிலேயே இருந்தது. சொந்த நிலத்தில் முளைத்தாலும் மரம் தனக்கில்லை என்றால் விவசாயி எதற்கு வளர்க்கப் போகிறார்? கன்றைக் கண்டதும் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. வேறு செடிகளின் வேரைப் பற்றிச் சத்தை உறிஞ்சி வளரும் மரம் இது. வயிரம் பாய்ந்து மணம் ஏறப் பல ஆண்டுகள் ஆகும். வெட்டுவதற்கோ ஓர் இரவு போதும். சத்தியமங்கலம் காட்டின் சந்தனக் கடத்தல் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தித் தனியார் வளர்க்க வழிவிட்டன. அதற்குள் உலகத்துப் பெர்ஃப்யூமர்கள் வேறு கதவைத் தட்டிவிட்டார்கள். சந்தன எண்ணெயில் பூக்களின் மணத்தை இறக்கிய கன்னோஜ் அத்தர்காரர்களே விலை தாளாமல் பாரஃபின் எண்ணெய்க்குப் போன காலம் அது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் விளையும் சந்தனம் இன்னொரு இனம். 1840களிலிருந்தே ஊதுபத்திக்காகச் சீனாவுக்குக் கப்பல் ஏறிய மரம். நம் சந்தனத்தின் பால் போன்ற குழைவு அதில் குறைவு. காய்ந்த கட்டை வாடையும் லேசான கசப்பும் தூக்கலாக இருக்கும். இந்தக் குறைதான் சாண்டல் 33க்கு வாய்த்தது என்பது என் கணிப்பு. மைசூர்ச் சந்தனத்தின் குழைவைத் தேவதாருவுக்கும் தோலுக்கும் நடுவில் வைத்திருந்தால் குதிரைக்காரன் பூசையறைக்குள் வந்து நின்றிருப்பான்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே செண்ட் என்பதை மேற்கத்தியச் சந்தை பெரிய துணிச்சலாகக் கொண்டாடியது. 1994இல் கால்வின் க்ளைன் ‘சிகே ஒன்’ வந்தபோதும் இதே ஆரவாரம். நம் ஊர்க் கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டுகிறவர் ஆணா பெண்ணா என்று பார்த்து நீட்டுவதில்லை. மணத்துக்கு மீசை வைப்பதும் பூ வைப்பதும் கடைக்காரர்கள் பிரித்து அடுக்கிய அலமாரிதான். பர்னெட் ஒரே பெயரைப் பெண்ணிடமிருந்து வாங்கி ஆணுக்குக் கொடுத்தார். லே லாபோக்காரர்கள் அந்த ஆணின் படத்தை வாங்கி இருவருக்கும் பங்கு வைத்தார்கள். சிகரெட் மட்டும் கழன்றுகொண்டது, நல்லவேளை.

இதைப் பூசிக்கொள்கிறவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறார்? அதிகம் பேசாதவர், யாரையும் கவர மெனக்கெடாதவர், தோல் சட்டையை மடிக்காமல் நாற்காலியில் போடுகிறவர். மெனக்கெடாத தோற்றத்துக்கு நிறையவே மெனக்கெட வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். தனிமைதான் இந்த மணம் விற்கும் சரக்கு. அது அளவுக்கு மீறி விற்றுவிட்டது. 2014இல் எஸ்டே லாடர் லே லாபோவை வாங்கியது. அடுத்த ஆண்டே, எங்கு போனாலும் அடிக்கிற அந்த வாசனை எது என்று நியூயார்க் டைம்ஸ் சாண்டல் 33ஐப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டது. லிஃப்டில் நாலு பேர் ஏறினால் ஒருவர் மேல் அந்தத் தனிமை மணக்கும் என்கிற நிலை. மற்ற கம்பெனிகளும் ‘சாண்டல்’ என்று பெயர் ஒட்டி மெழுகுவத்தியும் சோப்பும் இறக்கின.

பிடிக்காதவர்களும் உண்டு. தோலில் பட்டதும் எழும் பச்சை வாடையில் சதகுப்பை போட்ட வெள்ளரி ஊறுகாய்தான் தெரிகிறது என்று அமெரிக்காவில் பலர் சொல்கிறார்கள். முகர்ந்தால் அது பொய்யில்லை. சந்தனம் என்ற பெயரை நம்பி வாங்கும் நம் ஊர்க்காரர் அந்த முதல் சில நிமிடங்களில் ஏமாந்ததாகவே நினைப்பார். அரை மணி நேரம் பொறுத்தால் கட்டையும் தோலும் மேலே வரும். கடையில் அட்டைத் துண்டில் தெளித்துத் தருவதை முகர்ந்து முடிவு செய்யாமல், மணிக்கட்டில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து வாங்குவது நல்லது.