மாவனல்லையிலிருந்து லிவர்பூல் வரை: ஒரு தொண்டின் கணக்கு

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்கு மாவனல்லை நன்கு அறிமுகமான ஊர். மகா ஓயாவின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அமைத்த பழைய வளைவுப் பாலமும், சரதியலின் கதைகளைச் சுமந்து நிற்கும் உதுவன்கந்தைக் குன்றும், சாலையின் இருமருங்கிலும் நெருங்கி நிற்கும் கடைகளும் அதன் அடையாளங்கள். கேகாலை மாவட்டத்தின் இச்சிறு நகரில் சிங்களவரும் முஸ்லிம்களும் பல தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்து வருகின்றனர்.

அந்த ஊரில் பிறந்து, நெடுங்காலமாக இலண்டனில் வாழ்ந்து வரும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். ஓய்வு பெற்ற கணக்காளர். சனிக்கிழமை தோறும் கிறிஸ்தவத் தேவாலய மண்டபம் ஒன்றில் இயங்கும் உணவு வங்கியில் அரிசியையும் தகரத்தில் அடைத்த உணவுகளையும் பொதி செய்து கொடுப்பது அவரது வழக்கம். ஊர்ச் செய்திகளைப் பேசிக்கொண்டிருந்தவர், இடையில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார்:

"அண்ணன், இவ்வளவு காலமா இந்த வேலையச் செய்றோம். ஆனா ஏதாவது ஒண்டு நடந்தா முதல்ல பள்ளிவாசலுக்குத்தான் கல் எறியிறாங்க. அப்ப நாங்க செஞ்சதுக்கெல்லாம் என்ன கணக்கு?"

கணக்காளரின் கேள்வி என்று சிரித்துவிட்டு நகர முடியவில்லை. மேற்கு நாடுகளில் வாழும் முஸ்லிம்கள் பலரின் மனத்திலும் உள்ள கேள்வி இது. விடையைத் தேடிப் பழைய வரலாற்றைப் புரட்டியபோது, லிவர்பூல் நகரின் ஒரு கட்டடத்தில் போய் நின்றேன்.

வில்லியம் ஹென்றி குவில்லியம் 1856இல் லிவர்பூலில் பிறந்தவர், தொழிலால் வழக்கறிஞர். 1887இல் மொரோக்கோ சென்று திரும்பிய பின் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் என்னும் பெயரை ஏற்றார். அவர் நிறுவிய லிவர்பூல் முஸ்லிம் கழகம் தொடக்கத்திலிருந்தே எதிர்ப்பைச் சந்தித்தது. கூட்டங்கள் நடந்த இடத்தில் கல்லெறி விழுந்தது. வாடகை இடத்தையும் இழக்க நேர்ந்தது. அதன் பின்னரே, 1889இல், புரூம் டெரஸ் என்னும் வீட்டுத் தொடரில் கழகம் நிலையான இடத்தைப் பெற்றது. துறைமுக நகரமாகிய லிவர்பூலில் கரையிறங்கிய ஆசியக் கப்பல் தொழிலாளர்களுக்கும் அது புகலிடமாயிற்று.

அந்த எதிர்ப்பின் நடுவே கழகத்தார் செய்தவற்றுள் இரண்டு இங்கே கவனிக்கத்தக்கவை. ஒன்று, கிறிஸ்துமஸ் நாளில் நகரத்து ஏழைகளுக்குக் காலையுணவு அளித்தது. உண்டவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அளித்தவர்களோ அத்திருநாளைத் தமக்குரிய சமய விழாவாகக் கொள்ளாதவர்கள். மற்றொன்று, 1890களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்ட மெதீனா இல்லம். மணமாகாத தாய்மாருக்குப் பிறந்து, அக்காலச் சமூகம் ஏற்க மறுத்த குழந்தைகளுக்கு அது வீடாக இருந்தது.

இத்தொண்டைச் செய்யுமாறு அவர்களை யாரும் கேட்கவில்லை. நல்ல குடிமக்கள் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்ற கட்டளையும் இல்லை. அவர்களுடைய வாசலில் பசியோடு நின்றவர்கள் இருந்தார்கள். உள்ளே சமைக்க இடம் இருந்தது. 1908இல் குவில்லியம் இங்கிலாந்தை விட்டு வெளியேறியதும் கழகம் கலைந்தது. கட்டடம் பின்னர் நெடுங்காலம் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகமாக இயங்கியது.

அடுத்து வந்த நூற்றாண்டில் பிரித்தானிய முஸ்லிம்களின் தொண்டு நிறுவன வடிவம் பெற்றது. 1984இல் பர்மிங்காமில் இஸ்லாமிக் ரிலீஃப், 1985இல் முஸ்லிம் எய்ட் ஆகிய அமைப்புகள் தோன்றின. ஆண்டுதோறும் செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை ஸகாத்தாக வழங்க வேண்டும் என்ற கடமையும், அதற்கு மேல் விரும்பிக் கொடுக்கும் ஸதகாவும் இவற்றுக்கு அடித்தளம். 2012இல் பிரித்தானியாவில் நடத்தப்பட்ட ஒரு கருத்துக் கணிப்பில், கொடையளித்த முஸ்லிம்கள் சராசரியாக 371 பவுண் வழங்கியதாகத் தெரியவந்தது. மற்றச் சமயத்தவரின் சராசரியை விட இது அதிகம்.

இக்கொடையின் ஒரு பகுதி இலங்கைக்கும் வந்தது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் முஸ்லிம் எய்ட் இலங்கையில் பணியாற்றியது. 2006 ஆகஸ்டில் மூதூரில் போர் மூண்டு ஆயிரக்கணக்கானோர் கந்தளாய்ப் பகுதிக்கு இடம்பெயர்ந்தபோது, அமெரிக்காவைச் சேர்ந்த மெதடிஸ்ட் திருச்சபையின் நிவாரண அமைப்பும் முஸ்லிம் எய்ட்டும் தம்மிடமிருந்த பொருள்களையும் ஆட்களையும் ஒன்று சேர்த்தன. களத்தில் தற்செயலாகப் பிறந்த அந்தக் கூட்டுறவு, 2007இல் இலண்டனில் முறையான உடன்படிக்கையாயிற்று. ஒரு கிறிஸ்தவ அமைப்பும் ஒரு முஸ்லிம் அமைப்பும் கைகோக்க வழிகாட்டிய இடம் கந்தளாயின் அகதி முகாம் என்பது இலங்கையர் பலருக்கே தெரியாத செய்தி.

ஆயினும் நண்பரின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. தொண்டு செய்த சமூகத்திற்குத் தொண்டு பாதுகாப்பளித்ததா?

அவரது சொந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். 2001 மே மாதத் தொடக்கத்தில் மாவனல்லையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தீக்கிரையாயின. தலைமுறைகளாகக் கொண்ட அயலுறவு அந்தத் தீயைத் தடுக்கவில்லை.

2018 டிசம்பரில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. உடைத்தவர்கள் முஸ்லிம் இளைஞர்கள். ஊர் மீண்டும் எரியாமல் தடுக்க, குற்றவாளிகளைக் கண்டறிவதில் காவல்துறைக்குத் துணை நின்றவர்களுள் ஒருவர், அப்போதைய அமைச்சர் கபீர் ஹாஷிமின் இணைப்புச் செயலாளராக இருந்த தஸ்லீம். அவரும் முஸ்லிம். 2019 மார்ச்சில் அவர் தம் வீட்டிலேயே சுடப்பட்டார். உயிர் தப்பினார், ஆனால் உடல் முன்போல் இயங்கவில்லை. அடுத்த மாதம் 21ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறு அன்று, நாடே அதிர்ந்தது. சுட்டவர்களும் அதே தீவிரவாதக் கும்பலுடன் தொடர்புடையவர்கள் என்பது பின்னர் நடந்த விசாரணைகளில் வெளிவந்தது. அதன் பின் நாடெங்கும் முஸ்லிம்கள் அனைவரும் ஐயத்தோடு பார்க்கப்பட்டனர். சிலையை உடைத்தவர்களைச் சமூகத்தின் முகமாகக் கண்ட கண்கள், அவர்களைத் தடுக்க முயன்று குண்டடி பட்டவரை அப்படிக் காணவில்லை.

2020ஆம் ஆண்டு இன்னும் கசப்பானது. பிரித்தானியாவில் கொரோனாத் தொற்றுக்கு முதலில் பலியான மருத்துவர்கள் நால்வரும் முஸ்லிம்கள். நோயாளிகளைக் காக்கும் பணியில் இருந்தோரும், ஓய்வு வயதிலும் அப்பணியை விடாதோரும் அவர்களுள் அடங்குவர். அதே காலத்தில் இலங்கையில், கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் அவர்களுடைய குடும்பத்தாரின் விருப்பத்திற்கு மாறாக எரிக்கப்பட்டன. அடக்கம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியும் அரசு இணங்கவில்லை. 2021 பெப்ரவரியில்தான் தடை நீங்கியது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் தொடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது.

ஆகவே, தொண்டைப் பாதுகாப்புக்கான முதலீடு என்று கொண்டால், நண்பரின் கணக்கு நட்டத்தில்தான் முடியும். தொண்டு செய்தால்தான் நீ இந்நாட்டுக்குரியவன் என்று ஒரு சமூகத்திடம் சொல்வது, தொண்டைக் கப்பமாக மாற்றுவதாகும். கப்பம் எவ்வளவு கட்டினாலும் போதாது. அடுத்த ஆண்டு மீண்டும் கேட்பார்கள். குடியுரிமை நற்செயல்களுக்குக் கிடைக்கும் பரிசன்று. ஒன்றுமே செய்யாமல் வீட்டிலிருக்கும் மனிதனுக்கும் அது உரியது.

அப்படியானால் தொண்டின் பயன் என்ன? விடைக்காக மீண்டும் லிவர்பூலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

பழைய புரூம் டெரஸ் கட்டடத்தை மீட்ட குவில்லியம் சங்கத்தார் 2014இல் பள்ளிவாசலை மீண்டும் திறந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 2024 ஜூலை 29ஆம் தேதி, அருகிலுள்ள சவுத்போர்ட்டில் மூன்று சிறுமியர் குத்திக் கொல்லப்பட்டனர். கொலையாளி ஒரு முஸ்லிம் அகதி என்ற பொய் காட்டுத்தீயாகப் பரவ, மறுநாள் சவுத்போர்ட் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு ஆர்ப்பாட்டக்காரர்கள் லிவர்பூல் பள்ளிவாசலின் முன்னும் திரண்டனர். காவலர்கள் இடையில் நின்றனர். ஆரவாரம் சற்றுத் தணிந்ததும், இமாம் ஆடம் கெல்விக் உணவுப் பொருள்களுடன் வெளியே வந்தார். எதிரே நின்றவர்களில் சிலர் வாங்கி உண்டனர், சிலர் பேசினர், ஒருவரையொருவர் தழுவிக்கொண்ட படமும் வெளியாயிற்று.

ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் காலையில் ஏழைகளுக்கு உணவளித்த அதே இடம் அது. இடையில் கட்டடம் கைமாறியது. சமூகம் கலைந்து வேறொரு சமூகம் வந்தது. வழக்கம் மட்டும் மீண்டும் அதே வாசலுக்குத் திரும்பியது.

சவுத்போர்ட்டிலும் ஒன்று நடந்தது. பள்ளிவாசலின் மதில் உடைக்கப்பட்ட மறுநாளே, கொத்தனார்களும் ஊர்மக்களும் செங்கல்லோடு வந்து அதைத் திரும்பக் கட்டினார்கள். அவர்களையும் யாரும் கேட்கவில்லை.

நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். கூட்டத்திடமிருந்தும் அரசிடமிருந்தும் வரவு எதிர்பார்க்கும் கணக்கு ஒருபோதும் சரிவராது. அயலவருக்கும் அயலவருக்கும் இடையே இருப்பது வேறொரு கணக்கு. அதற்குப் பேரேடு கிடையாது. கலவரக் கூட்டம் வரும் நாளில் அது கல்லைத் தடுக்காமல் போகலாம். மறுநாள் காலையில் மதிலைக் கட்ட யார் வருகிறார்கள் என்பதில்தான் அது தெரியும்.

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "சரி அண்ணன், நாளைக்குச் சனிக்கிழமை. வெள்ளனவே எழும்ப வேணும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.