அயல் நினைவகத்துக்கு அனுமதி: ஆர்.டி.எம்.ஏ. இணைப்பமைப்பின் சரித்திரமும் தென்னாட்டு அனுபவமும்

ஒரு கணினியில் ஓடும் நிரல், கம்பியின் மறுகோடியிலுள்ள மற்றொரு கணினியின் நினைவகத்தில், அதன் செயலிக்கு யாதொரு சிரமமும் கொடாமல், தானே எழுதவும் தானே படிக்கவும் வழிசெய்யும் முறைக்கு ஆர்.டி.எம்.ஏ. என்று பெயர். அதன் வேகத்தைப் பற்றிப் புகழ்ந்து எழுதியோர் பலர். அவ்வேகம் பிறப்பதற்கு முன் இரு கணினிகளும் தமக்குள் செய்துகொள்ள வேண்டிய உடன்படிக்கை எவ்வாறு உருவாயிற்று, எக்காரணத்தால் நாளுக்கு நாள் சிக்கலடைந்தது என்ற விஷயத்தைத் தமிழில் விசாரித்தவர் அரியர். பேச்சிப்பாறை நீர் தோவாளைக் கால்வாயிலும் அனந்தனாற்றிலும் ஓடுகையில் எவர் கையும் அதைத் தள்ள வேண்டுவதில்லை என்பதையும், எந்த மடை யாருக்கு எந்நாளில் திறக்கும் என்ற முறை ஒன்றுதான் முன்கூட்டியே தீர்ந்திருக்க வேண்டும் என்பதையும் அறிந்த நாஞ்சில் நாட்டு வாசகருக்கு, இக்கட்டுரையின் பொருளை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பழைய முறையில், செய்தி ஒவ்வொன்றும் இயங்குதளத்தின் உட்கருவாகிய கர்னலின் வாயிலாகவே புறப்படவும் வந்துசேரவும் வேண்டியிருந்தது. கம்பிகள் மந்தமாயிருந்த காலத்தில் இது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. கம்பிகள் வேகம் பெற்றபின், செய்தி வழியில் செலவிடும் காலத்தைவிட வாயிலில் காத்துநிற்கும் காலமே மிகுதி என்பது வெளிப்பட்டது. 1992-இல் பெர்க்லியில் வகுக்கப்பட்ட ‘ஆக்டிவ் மெஸேஜஸ்’ என்னும் கொள்கையும், 1995-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் வான் ஐக்கன், அனிந்த்ய பாசு, வினீத் புச், வெர்னர் வோகல்ஸ் ஆகிய நால்வரும் வெளியிட்ட ‘யூ-நெட்’ அமைப்பும் இத்தடையை நீக்கும் வழியைக் காட்டின. கர்னல் தொடக்கத்தில் ஒருமுறை அனுமதி வழங்கிவிட்டு விலகிக்கொள்ளும். பின்னர் நிரலும் வலையட்டையும் நேருக்கு நேராகக் காரியம் நடத்தும் என்பது யூ-நெட்டின் சாரம். அனுமதியை ஒழித்தார்கள் என்று இதைக் கொள்வது பிழை. அதுவரை செய்திதோறும் சிறிது சிறிதாக நடந்த பரிசோதனை முழுவதையும் தொடக்கத்தில் ஒரே இடத்தில் குவித்தார்கள் என்பதே உண்மை. பின்னாளில் இணைப்பமைப்பு பெற்ற பாரம் அனைத்துக்கும் இதுவே மூலகாரணம்.

1997 டிசம்பரில் காம்பாக், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ‘வர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் ஆர்க்கிடெக்சர்’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டன. அனுப்புதற்கு ஒரு வரிசை, பெறுதற்கு ஒரு வரிசை என இணைத்துவைத்த ஜோடி அதில் உருப்பெற்றது. ஒருவர் காத்திருக்க மற்றவர் வேண்டுகோள் விடுக்கும் கிரமமும் அதில் நிலைபெற்றது. 1999-இல், ஒன்றோடொன்று போட்டியிட்ட இரு திட்டங்கள் இணங்கி ‘இன்ஃபினிபேண்ட்’ சங்கமாக ஆயின. 2000 அக்டோபரில் அதன் முதல் விதிநூல் வந்தது. இன்றுவரை ஆர்.டி.எம்.ஏ. நிரலாளர் பேசும் பாஷை பெரும்பாலும் அந்நூலின் பாஷையே.

அந்நூலில் இணைப்பமைப்பு சொல்லப்பட்டிருக்கும் விதம் சற்று நின்று நோக்கத் தக்கது. ‘கியூ பேர்’ எனப்படும் வரிசை ஜோடி, பிறந்தவுடன் எதற்கும் உதவாத நிலையில் இருக்கிறது. எந்தத் துறைவாயில், என்னென்ன உரிமைகள் என்று தெரிவித்தபின் ‘இனிட்’ நிலையை அடைகிறது. எதிர்தரப்பின் ஜோடி எண், அதன் முகவரி, பாதை தாங்கும் பொட்டலத்தின் அளவு, முதற்பொட்டலத்தின் வரிசை எண் ஆகியவற்றை அறிந்த பின்னரே, பெறுவதற்குச் சித்தமான நிலையை எய்துகிறது; எத்தனை நேரம் பொறுப்பது, எத்தனை முறை மீண்டும் முயல்வது என்பவற்றையும் குறித்த பிறகே அனுப்புவதற்குச் சித்தமாகிறது. இவ்விவரங்களை இரு தரப்பும் மாற்றிக்கொள்ள மூன்று கடிதங்கள் விதிக்கப்பட்டன: வேண்டுகோள், மறுமொழி, ‘நான் சித்தம்’ என்னும் இறுதி அறிவிப்பு. இம்மூன்றாவது கடிதம் வழியில் தாமதித்து, அதற்கு முன்னரே முதற்செய்தி வந்துவிட்டால் என் செய்வது என்ற கேள்வியையும் விதிநூல் ஆசிரியர்கள் விட்டுவிடவில்லை. அப்போது, தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்று வன்பொருளே ஒரு நிகழ்ச்சியை எழுப்பும்.

இவ்வளவும் நிறைவேறிய பின்னும் அயல் நினைவகத்தில் ஒரு பைட் எழுதவும் உரிமை பிறவாது. எந்த நினைவுப் பகுதி திறக்கப்படுகிறதோ அதனை முன்பே பதிவுசெய்து, அதன் முகவரியையும் அதற்குரிய சாவியையும் எதிர்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும்; இதனை விதிநூல் நிரலாளரின் பொறுப்பிலேயே விட்டுவிட்டது. ஆகையால் பலர், சாதாரண டி.சி.பி. இணைப்பு ஒன்றை முதலில் ஏற்படுத்தி, அதன் வழியாக எண்களையும் சாவிகளையும் பரிமாறி, பிறகு அவ்விணைப்பைக் கைவிடும் வழக்கத்தை மேற்கொண்டனர்.

நம் நாட்டுச் சரித்திரத்தில் இவ்விஷயத்துக்கு மிக நெருங்கிய அத்தியாயம் சென்னைத் தரமணியில் எழுதப்பட்டது. அங்குள்ள கணிதவியல் ஆய்வு நிறுவனத்தில், என்.டி. ஹரிதாஸ் முதலிய பௌதிக அறிஞர்களின் முயற்சியால், 2004-இல் ‘கப்ரு’ என்ற கணினித் தொகுதி அமைந்தது. ஒவ்வொன்றும் இரண்டு ஸியான் செயலிகள் கொண்ட 144 கணினிகள், மும்முகமாகச் சுற்றிவளைந்த வலையில் பிணைக்கப்பட்டு, ஒரு டெராஃப்ளாப்பை ஒட்டிய வேகத்தில் கணித்தன. அவற்றைப் பிணைத்தது இன்ஃபினிபேண்ட் அன்று. நார்வே நாட்டு டால்ஃபின் நிறுவனத்தாரின் ‘எஸ்.சி.ஐ.’ வலை. 1992-லேயே அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் நியமமாக ஏற்கப்பட்ட அம்முறையில் இணைப்பமைப்பு வேறுவிதமானது. ஒரு கணினி தன் நினைவகத்தில் ஒரு பகுதியை உண்டாக்கி, அதற்கு எண் இட்டு, கிடைக்கும் என்று அறிவிக்கும். மற்றொன்று அவ்வெண்ணைச் சொல்லி இணைந்து, அப்பகுதியைத் தன் முகவரிவெளியில் பதித்துக்கொள்ளும். அதன்பின் செயலியின் சாதாரண எழுதும் கட்டளையே அயல் நினைவகத்தில் போய்ச் சேரும். இன்ஃபினிபேண்டின் கடிதப் போக்குவரத்தை இதனோடு ஒப்பிடுவோர்க்கு எஸ்.சி.ஐ.யின் எளிமை அழகாகவே படும். எனினும் சந்தை அழகுக்கு வசப்படுவதில்லை. அளவிலும் விலையிலும் இன்ஃபினிபேண்டே முந்திற்று. 2007 நவம்பரில் உலக மீக்கணினிப் பட்டியலின் நான்காம் இடத்தைப் பெற்ற டாட்டா குழுமத்தின் ‘ஏக்கா’வும் இன்ஃபினிபேண்டையே கைக்கொண்டது.

இதற்கிடையில் லினக்ஸ் உலகில் ஒரு முக்கிய அபிவிருத்தி நிகழ்ந்தது. 2005-இல் 2.6.11 பதிப்பில் இன்ஃபினிபேண்ட் கர்னலுக்குள் இடம்பெற்றது. மறு ஆண்டிலே 2.6.18 பதிப்பில் ‘ஆர்.டி.எம்.ஏ. சி.எம்.’ என்னும் இணைப்பு மேலாளர் வந்துசேர்ந்தது. சாதாரண ஐ.பி. முகவரியைக் கொடுத்தால், முகவரியைத் தேர்ந்து, பாதையைத் தேர்ந்து, ஜோடியை நிலைக்கு நிலை உயர்த்தி, இணைப்பை முடித்துவைப்பது அதன் பணி. நிரலாளர் ஒவ்வொரு படியின் நிகழ்ச்சியையும் காத்திருந்து வாங்கிக்கொண்டால் போதும். வேண்டுகோளோடு 56 பைட் அளவுள்ள சொந்தக் குறிப்பையும் சேர்த்தனுப்பலாம் என்பதால், முகவரியையும் சாவியையும் அக்கடிதத்திலேயே வைத்துவிடலாம், தனி டி.சி.பி. இணைப்பு தேவையில்லை. என் அபிப்பிராயத்தில், இத்துறையில் நிரலாளருக்குச் செய்யப்பட்ட உபகாரங்களுள் இதுவே தலையாயது. டி.சி.பி.யின் மேல் ஓடுவதாக 2007-இல் நியமமான ஐ-வார்ப், 2010-இல் ஈதர்நெட்டின் மேல் எழுந்த ‘ரோக்கி’, 2014-இல் யூ.டி.பி. பொட்டலத்துக்குள் புகுந்த அதன் இரண்டாம் வடிவம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே நிரல் மாற்றமின்றி இணைவது இந்த மேலாளரால் சாத்தியமாயிற்று.

மற்றொரு சங்கடம் எண்ணிக்கையால் விளைந்தது. 1000 செயல்முறைகள் ஒவ்வொன்றும் பிற யாவற்றோடும் தனித்தனியே இணைவதாயின் 9,99,000 ஜோடிகள் வேண்டும். கணக்குத் தொடங்குமுன்பே நினைவகத்தின் பெரும்பங்கு அறிமுகத்திலேயே கழிந்துவிடும். ஓஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் தபலேஸ்வர் பாண்டாவின் குழுவினர், எவரோடு பேச நேர்கிறதோ அவரோடு மட்டும் அப்போது இணைந்தால் போதும் என்ற முறையை ஆராய்ந்து, செயல்முறைகள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் தங்கள் எம்.பி.ஐ. நூலகத்தில் அமைத்தனர்.

கப்ருவுக்குப் பின்னும் தென்னாட்டில் பெருந்தொகுதிகள் எழுந்தன. திருவனந்தபுரத்தில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 2011-இல் 220 டெராஃப்ளாப் ஆற்றலுள்ள ‘சாகா’ என்ற தொகுதியை நிறுவியது.  2022-இல் திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகம் 838 டெராஃப்ளாப் ஆற்றலுள்ள ‘பரம் பொருள்’ தொகுதியைப் பெற்றது. இத்தகைய தொகுதிகளில் ஆராய்ச்சி செய்வோர் எம்.பி.ஐ. நூலகத்தின் மேல்தளத்திலேயே நின்றுவிடுவதால், கீழே இணைப்பு எவ்வாறு எழுகிறது என்பதை அறிந்தவர்கள் சிலரே. இணைப்பு அறும்போதுதான் அந்தச் சிலரின் அருமை தெரியும். பெறுவதற்கு இடம் வைக்காமல் இணைப்பை ஏற்றுக்கொண்ட நிரல், முதற்செய்தியிலேயே இடறும் காரணத்தை மேல்தளத்திலிருந்து காண இயலாது.

இவ்விணைப்பமைப்பைக் கற்க விலையுயர்ந்த அட்டைகள் வேண்டும் என்ற எண்ணம் இப்போது பொருந்தாது. 2016-இல் லினக்ஸ் 4.8 பதிப்பில் சேர்ந்த மென்பொருள் ரோக்கி, சாதாரண ஈதர்நெட் அட்டையின் மீதே அதே வரிசை ஜோடிகளையும், அதே நிலைகளையும், அதே சாவிகளையும் அளிக்கிறது; வேகம் கிட்டாது, வித்தை கிட்டும். நாகர்கோவிலைச் சூழ்ந்துள்ள பொறியியற் கல்லூரிகள் தம் ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே உள்ள கணினிகள் இரண்டை இதற்கென ஒதுக்கி, இணைப்பு மேலாளரைக் கொண்டு ஒருமுறையும், ஒவ்வொரு நிலையையும் கையாலேயே கடந்து மற்றொரு முறையும் மாணவர் இணைப்பை அமைத்துப் பார்க்கும்படி பாடத்திட்டத்தில் இடம் தருமாறு அவற்றின் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.